காத்திருக்கக்கூடிய கண்

புதிதாகக் கண் வைத்தியம் படிக்க வருகிற பிள்ளைகள் என்னைப் பார்க்க வந்தால் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்கள். "ரெட்டினா பிரிந்துவிட்டால் எத்தனை நாளுக்குள் ஆப்பரேஷன் செய்ய வேண்டும் மேடம்?" பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பார்கள். ஒரு எண்ணைச் சொன்னால் குறித்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்கிற அவசரம் முகத்தில் தெரியும். அவசரத்தை நான் குறை சொல்ல முடியாது. நாற்காலியில் சேர்ந்தாற்போல் ஐந்து நிமிஷம் உட்கார முடியாத பிறவி நான். இதையே எழுந்து எழுந்து நடந்துவிட்டு வந்துதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் அந்த எண்ணை உங்களுக்குத் தரப்போவதில்லை. புத்தகத்தில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். எண் தெரிந்திருந்தும் என்ன செய்வதென்று தெரியாமல் ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் குறுக்கும் நெடுக்கும் நடந்த ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி. சென்னையில் ரெட்டினா ஆப்பரேஷன் கற்றுக்கொண்டு விருதுநகர் வந்து சேர்ந்திருந்தேன். வியாபாரிகள் கூடி நடத்திய சிறிய கண் ஆஸ்பத்திரி. பெரும்பாலும் கண்புரை, பொறி பட்டு வெந்த இமை, வெடிமருந்துத் தூள் விழுந்த கண் என்று வரும். ரெட்டினா கேஸ் எப்போதாவதுதான். வந்தால் சமாளிக்க சூடு வைத்து ரெட்டினாவை ஒட்டுகிற டயதெர்மி மெஷின் ஒன்றும், கருவிகள் ஒரு செட்டும், டாக்டர் என்று நான் ஒருத்தியும் இருந்தோம். ஒரு ஆப்பரேஷன் அரை நாளை விழுங்கிவிடும். மதியத்துக்கு மேல் மின்சாரம் ஏறி இறங்கும், மெஷினை நம்ப முடியாது. ஆக, ஒரு நாளைக்கு ஒரு ரெட்டினா. எங்களை விட்டால் எனக்குத் தெரிந்து அடுத்த இடம் சென்னைதான். பிரிந்துகொண்டே இருக்கிற ரெட்டினாவோடு ஒருவரை ரயிலில் அவ்வளவு தூரம் குலுக்கிக்கொண்டு போனால், போய்ச் சேரும்போது பார்ப்பதற்கு மிச்சம் எதுவும் இருக்காது.

உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். ரெட்டினா, அதாவது கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கிற விழித்திரை, மேல் பக்கம் கிழிந்தால், சுவரில் ஒட்டிய போஸ்டர் மழையில் உரிகிற மாதிரி மேலிருந்து கீழாக உரிந்துகொண்டு வரும். நடுவில் மாகுலா இருக்கிறது. எழுத்து, முகம், நிறம் எல்லாம் பார்க்கிற இடம் அதுதான். உரிவது அங்கே வந்து சேராதவரை நோயாளி பேப்பர் படிப்பார், ஊசியில் நூல் கோர்ப்பார். தனக்கு ஒன்றுமில்லை என்று உங்களோடு சண்டை போடுவார். மாகுலா உரிந்துவிட்டதோ, அப்புறம் எவ்வளவு அழகாக ஒட்டினாலும் பழைய பார்வை முழுசாக வராது. சென்னையில் படிக்கும்போது ஒரு கல்லூரி வாத்தியார் வந்திருந்தார். சாயங்காலம் கட்டிலில் உட்கார்ந்து எங்களுக்குப் பேப்பர் வாசித்துக் காட்டினார். மறுநாள் காலை என் விரல்களை எண்ணத் திணறினார். அன்றிலிருந்து நன்றாகப் பார்க்கிற ரெட்டினா நோயாளியைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். தீபாவளிக்கு இன்னும் சில வாரங்கள். பட்டாசு சீசன் உச்சத்தில் இருந்தது. அச்சங்குளம் பக்கம் பட்டாசு கம்பெனி வைத்திருந்த சங்கரலிங்கம் அண்ணாச்சி எங்கள் வார்டில் படுத்திருந்தார். சின்ன வயதில் அம்மை போட்டதில் அவருடைய இடக்கண்ணில் பூ விழுந்துவிட்டது. வெளிச்சம் தெரியும், வேறொன்றும் தெரியாது. வாழ்நாள் முழுக்கப் பார்த்ததெல்லாம் வலக்கண்ணால்தான். அந்த வலக்கண்ணில்தான் ரெட்டினா பிரிந்திருந்தது.

ஏன் தாமதமாக வந்தார் தெரியுமா? அந்தக் கம்பெனிகளில் பொழுது சாயும்போது சாம்பிள் விடுவார்கள். அன்று செய்த ஒவ்வொரு சரக்கிலும் ஒன்றை எடுத்துக் கொளுத்தி, நிறம் சரியா, பொறி சரியா என்று பார்ப்பது வழக்கம். பார்த்து முடித்துக் கண்ணை மூடினால் கொஞ்ச நேரம் வெளிச்சம் மின்னிக்கொண்டே இருக்கும். அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. வேறு ஊரில் ஒருவர் கண்ணுக்குள் மின்னுகிறது என்றால் பதறிப்போய் டாக்டரிடம் ஓடுவார். அண்ணாச்சிக்கு மின்னியபோது சாம்பிள் வெளிச்சம் என்று விட்டுவிட்டார். கறுப்புப் புள்ளிகள் மிதந்தபோது கரித்தூள் என்று பன்னீர் விட்டுக் கழுவினார். திரை ஏறி முழுசாக மறைத்த பிறகுதான் அவர் மனைவி ராஜாமணி அக்கா கையைப் பிடித்து அழைத்து வந்தார். நான் பார்த்தபோது மாகுலா உரிந்து பல நாள் ஆகியிருந்தது.

இரண்டு கண்ணையும் கட்டி, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் பை வைத்து அசையாமல் படுக்கப் போட்டிருந்தேன். அப்படிப் படுத்தால் ரெட்டினாவுக்குப் பின்னால் தேங்கிய நீர் கொஞ்சம் வற்றும். அப்போதெல்லாம் அதுதான் முறை. மறுநாள் காலை ஆப்பரேஷன் என்று முடிவாகியிருந்தது. "பார்வை வந்துரும்ல டாக்டரம்மா?" என்று ராஜாமணி அக்கா கேட்டபோதெல்லாம் "வரும்" என்றே சொல்லியிருந்தேன். எவ்வளவு வரும் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உங்களில் யாரும் இதைச் செய்யாமல் இந்தத் தொழிலில் காலம் தள்ளிவிட முடியாது.

அன்று காலை ரவுண்ட்ஸ் போனேன். அண்ணாச்சியின் கட்டிலுக்குப் பக்கத்தில் அவருடைய போர்மேன் கருப்பசாமி கைகட்டி நின்றுகொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். சின்னப் பையனாகக் கம்பெனிக்கு வந்து அண்ணாச்சியிடமே தொழில் பழகியவர். அண்ணாச்சி படுத்த பிறகு சாம்பிள் பார்ப்பது அவர் பொறுப்பு. முதலாளிக்கு அன்றாடம் கணக்கு ஒப்பிக்க லாரியிலோ பஸ்ஸிலோ தொற்றிக்கொண்டு வந்துவிடுவார்.

"பூவாணம் நல்லா வந்திருக்கு மொதலாளி. பச்சை மத்தாப்பும் அருமை. தரைச்சக்கரந்தான் மோசம். ரெண்டு லாட்டத் திருப்பி அனுப்பிட்டேன்."

"ஏம்லே? மருந்து மாத்திட்டானுகளா?"

"என்ன எளவோ தெரியல. சுத்தயில பாதி வட்டம் அணைஞ்சு போகுது."

நான் அண்ணாச்சியின் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பேச்சில் ஏதோ ஒன்று உறுத்தியது. "எந்தப் பாதி?" என்று கேட்டேன்.

கருப்பசாமி திரும்பிப் பார்த்தார். டாக்டருக்குத் தரைச்சக்கரத்தில் என்ன அக்கறை என்று நினைத்திருப்பார். "கீழ்ப்பாதி டாக்டரம்மா. இந்தா, இந்த இடக்கைப் பக்கம்."

"எல்லாச் சக்கரத்துலயுமா?"

"ஆமா. ரெண்டு லாட்டுலயும் எதை எடுத்து விட்டாலும் அங்கனதான் அணையுது."

சுற்றுகிற சக்கரம் எப்போதும் ஒரே பக்கத்தில் அணையுமா? அண்ணாச்சியின் நாடி என் விரலுக்கடியில் துடித்தது. என்னுடையது அதைவிட வேகமாகத் துடித்திருக்கும். கருப்பசாமியின் கையைப் பிடித்து இழுக்காத குறையாக இருட்டறைக்குக் கூட்டிப் போனேன். அவரோ வழியெல்லாம், "எனக்கு ஒண்ணுமில்ல டாக்டரம்மா, லோடு நிக்குது, ஸ்டேஷனுக்குப் போகணும்" என்று முனகிக்கொண்டே வந்தார்.

கண்ணில் மருந்து விட்டு, பாவை விரியும்வரை அவரைக் கேள்விமேல் கேள்வி கேட்டேன். மினுங்குகிறதா? மினுங்கும், சாம்பிள் பார்க்கிறவனுக்கு மினுங்காமல் இருக்குமா என்றார். புள்ளி மிதக்கிறதா? கரித்தூள், கழுவினால் போய்விடும் என்றார். ஒற்றைக் கண்காரரான முதலாளியிடம் சாம்பிள் பார்க்கப் பழகியதால், இவரும் இடக்கண்ணை மூடிக்கொண்டு வலக்கண்ணால் மட்டுமே பார்ப்பாராம். மூடிய கண் எப்போதும் கூசாமல் தெளிவாக இருக்குமாம். ஆகவே தன் வலக்கண்ணில் ஏறிய நிழலைச் சரக்கின் குறை என்று நினைத்து, நல்ல சக்கரங்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். அந்தச் சக்கரங்களைச் செய்தவர்கள் என்ன திட்டு வாங்கினார்களோ.

இடக்கண்ணைப் பொத்திவிட்டு, சுவரில் தொங்கிய எழுத்துப் பலகையை வாசிக்கச் சொன்னேன். கடைசி வரிவரை தடங்கலில்லாமல் வாசித்துவிட்டு, "பாத்தீகளா? இதுக்குப் போயி இழுத்துட்டு வந்தீக" என்று சிரித்தார்.

உள்ளே பார்த்தேன். மேல் பக்கத்தில் ஒரு கிழிசல். கண்ணுக்குள் எல்லாம் தலைகீழ், கிழிசல் மேலே என்றால் நிழல் கீழே விழும். சாம்பல் நிறத்தில் ரெட்டினா மடிப்பு மடிப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் விளிம்பு மாகுலாவுக்கு மேலே ஒரு மயிரிழை தூரத்தில் நின்றது. நாளைக்கு இது அங்கேயே நிற்கும் என்று சொல்ல எந்த டாக்டராலும் முடியாது.

எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. "இனிமே நிக்கவும் கூடாது, நடக்கவும் கூடாது. நேராப் போயிப் படுங்க" என்றேன்.

வார்டில் காலியாக இருந்தது ஒரே ஒரு கட்டில். அண்ணாச்சியின் கட்டிலுக்கு எதிரே, நாலடி தள்ளி. அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் மனிதர் கல்லாய்ச் சமைந்துவிட்டார்.

"படுங்க."

"இங்கனயா?" குரலைத் தாழ்த்தினார். "மொதலாளி முன்னால நான் உக்காந்ததுகூட இல்ல டாக்டரம்மா. படுக்கச் சொல்றீகளே."

"அவுக ரெண்டு கண்ணும் கட்டியிருக்கு. எப்படிப் பாப்பாக?"

"அவுக பாக்காட்டி எனக்குத் தெரியாதா?"

நான் சொல்வதை நீங்கள் நம்ப வேண்டும். ஒரு மயிரிழை தூரத்தில் பார்வை தொங்கிக்கொண்டிருக்கிறது. படுத்தால் நிற்கும், நின்றால் இறங்கும். அந்த மனிதர் மரியாதைக்காக நின்றுகொண்டிருக்கிறார். எந்தப் பாடப்புத்தகத்தில் இதற்கு மருந்து இருக்கிறது? நர்ஸை அவர் பக்கத்தில் நிறுத்திவிட்டு வராந்தாவுக்கு வந்தேன், ராஜாமணி அக்காவிடம் பேச.

அவரிடம் நேராகவே சொன்னேன். நாளைக் காலை மேஜையில் கருப்பசாமியைப் படுக்க வைக்க வேண்டும். அண்ணாச்சிக்கு அதற்கு மறுநாள் செய்கிறேன்.

அவர் கையில் இருந்த விசிறி நின்றது. "என்ன பேச்சுப் பேசுறீக? அவருக்கு இன்னொரு கண்ணு முழுசா இருக்குல்ல? இவுகளுக்கு ஒத்தக் கண்ணு. அந்த ஒத்தக் கண்ணுக்காக இருக்கன்குடி ஆத்தாளுக்கு வெள்ளியில கண்மலர் சாத்துறதா நேந்துக்கிட்டு இங்கன கெடக்கேன். இந்த மெஷின் வந்ததே இவுகளாலதான், தெரியும்ல?"

தெரியும். மெஷின் வாங்க முன்னின்ற கமிட்டிக்காரர்களில் அண்ணாச்சியும் ஒருவர். அதற்காக இல்லை, அக்கா சொன்ன முதல் காரணத்துக்காகத்தான் நான் ஆடிப்போனேன். ஒற்றைக் கண் உள்ளவருக்கா, இரண்டு கண் உள்ளவருக்கா என்று யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்வார்கள். நானும் அதைத்தான் சொல்வேன், இருவருக்கும் சமமான ஆபத்து என்றால். ஆனால் அண்ணாச்சியின் கண்ணிலிருந்து ஒரு நாள் தாமதம் பறித்துக்கொண்டு போக இனி ஒன்றும் இல்லை. கருப்பசாமியின் கண்ணில் எல்லாமே இருந்தது. யார் அதிகம் கஷ்டப்படுகிறார் என்பதை வைத்து வரிசை போட்டால் நம் தொழிலில் தப்பு வரும். நாளைவரை காத்திருந்தால் யாருக்கு என்ன போகும் என்று பாருங்கள். வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி நடந்து நான் சேர்த்த புத்தி இவ்வளவுதான்.

இதையெல்லாம் ராஜாமணி அக்காவிடம் எப்படிச் சொல்வது? 'உங்கள் வீட்டுக்காரர் காத்திருக்கலாம்' என்றால், 'ஏன்' என்பார். ஏன் என்பதற்குப் பதில் ஒன்றுதான். அவருக்குப் போக வேண்டியது போய்விட்டது. மெஷினும் கத்தியும் அதைத் திருப்பித் தராது.

நர்ஸ் மெதுவாக வந்து என் காதில் சொன்னாள். "மெஷின் ரிப்பேர்னு சொல்லிரலாம் டாக்டர். நாளைக்குக் கருப்பசாமியை வேற எதுக்கோ உள்ள கூட்டிட்டுப் போற மாதிரிப் போயிரலாம். ஒரு நாள்தானே?"

நல்ல யோசனைதான், பொய் சொல்ல மாட்டேன். ஒரு நிமிஷம் எனக்கு அப்பாடா என்றுகூட இருந்தது. யாரும் அழ வேண்டாம், யாரும் சண்டை போட வேண்டாம். ஆனால் ஆப்பரேஷனுக்குப் பிறகு அண்ணாச்சியின் பார்வை கலங்கலாகத்தான் வரும், அது எனக்கு நிச்சயம். அன்றைக்கு அவர் கேட்பார், அந்த ஒரு நாள் தாமதத்தால்தானா என்று. இல்லை என்று நான் எத்தனை சத்தியம் செய்தாலும், பொய் சொன்ன வாய் செய்கிற சத்தியம் அது. அதைவிட, தன் கண்ணைப் பற்றித் தனக்குத் தெரியாமல் ஊரெல்லாம் முடிவு செய்வதை அந்த மனிதர் ஏன் பொறுக்க வேண்டும்? நான் உள்ளே போனேன்.

கருப்பசாமி இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார்.

"அண்ணாச்சி, உங்ககிட்ட ஒண்ணு பேசணும். தனியாப் பேசணும்."

"தனியா என்ன? வெடிமருந்து வாடை அடிக்குது, அவன் இங்கனதான் நிக்கான். நிக்கட்டும். வராந்தாவுல நீங்க பேசுனது பாதி என் காதுல விழுந்துச்சு. அவனுக்கும் என் சீக்குதானா?"

"ஆமா. ஆனா அவருக்கு நடுப்பார்வை இன்னும் போகல. நாளைக்குக் காலையில பண்ணலைன்னா போயிரலாம். போனா முழுசாத் திரும்பாது."

"சரி. எனக்கு நாளைக்குப் பண்ணாம நாளன்னைக்குப் பண்ணுனா எம்புட்டுக் கொறையும்?"

"ஒண்ணும் கொறையாது அண்ணாச்சி."

அவர் வியாபாரி. ஒரு பேச்சில் சொன்னது எது, சொல்லாமல் விட்டது எது என்று பிரித்துப் பார்ப்பதில் வாழ்க்கையைக் கழித்தவர். மணல் பைகளுக்கு நடுவே தலை அசையாமல் கிடந்தது. கட்டுக்குக் கீழே வாய் மட்டும் கொஞ்சம் திறந்தது.

"அவனுக்குப் போனாத் திரும்பாது. எனக்கு ஒரு நாள் தள்ளுனாலும் கொறையாது." மெதுவாக இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். "அப்ப எனக்குப் போயிருச்சு. அப்படித்தானே?"

"ஆமா அண்ணாச்சி."

பின்னால் ராஜாமணி அக்கா வந்து நின்றதை அப்போதுதான் கவனித்தேன். விசிறி கீழே விழுந்த சத்தம் கேட்டது.

"எம்புட்டு வரும்?"

"நடமாடலாம். கதவு, சன்னல், ஆளு அசையுறது தெரியும். தட்டுல சோறு தெரியும். எழுத்து வாசிக்க வராது. கலரு முன்ன மாதிரி இருக்காது."

"முகம்?"

இந்தக் கேள்விக்கு நான் தயாராக வரவில்லை. "நேராப் பாத்தாக் கலங்கும். குரலை வச்சும் நடையை வச்சும் கண்டுபிடிச்சிருவீக" என்றேன்.  டாக்டர் அழக்கூடாது என்று உங்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். எனக்கும் சொல்லித்தந்தார்கள்.

 பிறகு கருப்பசாமி உடைந்த குரலில், "வேண்டாம் டாக்டரம்மா. மொதலாளிக்கே பண்ணுங்க. வாரதுல கொஞ்சமாவது சேத்து வரட்டும். எனக்கு இன்னொரு கண்ணு இருக்கு. மொதலாளிய முந்திப் போயி நான் படுத்தேன்னா ஊருல காறித் துப்புவாக" என்றார்.

"ஏலே." அண்ணாச்சி குரலை உயர்த்தவில்லை. "நிக்கியா, படுத்திருக்கியா?"

"நிக்கேன் மொதலாளி."

"படுலே."

"மொதலாளி..."

"படுன்னா படுக்கணும். இந்த வருசம் ஸ்டேஷன் லோடு போகாட்டிப் போகட்டும். நீ எந்திரிச்சன்னு இவுக சொன்னாகன்னா, அன்னையோட கம்பெனிப் பக்கம் வராத."

கருப்பசாமி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். பிறகு செருப்பைக் கழற்றி, கால்களை அண்ணாச்சியின் பக்கம் நீட்டிவிடாமல் திருப்பிப் போட்டுப் படுத்தார். தலைமாடும் கால்மாடும் மாறிவிட்டன. நான் தலையணையை அந்தப் பக்கம் எடுத்துப் போட்டு, அவர் கண்களைக் கட்டினேன். அன்று முழுக்க அண்ணாச்சி இருமினாலும் தண்ணீர் கேட்டாலும் எதிர்க் கட்டிலில் இருந்து இவர் எழப் பார்ப்பார். நர்ஸ் தோளைப் பிடித்து அமுக்குவாள். இரண்டு பேரையும் காவல் காக்கிற வேலை எங்களுக்கு.

ராஜாமணி அக்கா என்னை வாசலில் மறித்தார். "அவுக பெரிய மனசு பண்ணிட்டாக. நான் பண்ணல டாக்டரம்மா. அதை நல்லாத் தெரிஞ்சுக்கோங்க."

தெரிந்துகொண்டேன் என்றேன். அவர் சொன்னதில் எந்தத் தப்பும் இருப்பதாக எனக்கு அன்றும் படவில்லை, இன்றும் படவில்லை. சரியான முடிவு எடுத்தால் எல்லோரும் நம்மை ஏற்றுக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்து இந்தத் தொழிலுக்கு வந்திருந்தால், பிள்ளைகளே, வேறு வேலை பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை மேஜையில் படுக்க வைத்ததும் முதல் வேலையாகக் கட்டை அவிழ்த்து உள்ளே பார்த்தேன். விளிம்பு நேற்று நின்ற இடத்திலேயே நின்றது. மருந்துப் புட்டியின் லேபிளை அந்தக் கண்ணால் மட்டும் வாசிக்கச் சொன்னேன், வாசித்தார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. ஆப்பரேஷனைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. மரப்பு ஊசி போட்டு, மனிதர் முழித்துக்கொண்டிருக்கும்போதே செய்வோம். நடுவில் ஒரு தடவை அவர், "மொதலாளி காப்பி குடிச்சாகளா?" என்று கேட்டார். வாயை மூடுங்கள் என்று அதட்டினேன். 

அதற்கு அடுத்த நாள் அண்ணாச்சிக்குச் செய்தேன். இரண்டு ஆப்பரேஷனும் நன்றாகவே முடிந்தன. இரண்டு ரெட்டினாவும் ஒட்டிக்கொண்டன. பார்வை மட்டும் இருவருக்கும் ஒன்றுபோல் வரவில்லை. தீபாவளிக்கு முந்தைய வாரம் கட்டு அவிழ்த்தபோது அண்ணாச்சி சன்னலைப் பார்த்தார், கம்பிகள் வளைந்து தெரிகின்றன என்றார். மனைவியின் புடவை அசைவது தெரிந்தது. முகத்தைக் காட்டச் சொல்லிக் கிட்டத்தில் பார்த்தார். பிறகு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். நான் திரும்பி நின்று கருவிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன், ஏற்கெனவே அடுக்கியவற்றை.

கருப்பசாமி வீட்டுக்குக் கிளம்பும் நாளன்று வலக்கண்ணால் மட்டும் எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை வாசித்தார். வாசித்து முடித்துச் சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், கதவைச் சாத்திவிட்டு என் காலில் விழாத குறையாகக் கும்பிட்டார்.

"மொதலாளிகிட்ட எனக்கு முழுசாத் தெரியுதுன்னு சொல்லிராதீக. இந்தக் கண்ணு கலங்கலாத்தான் தெரியுதுன்னு சொல்லியிருக்கேன். அவுக அப்படி இருக்கையில எனக்கு மட்டும்... எப்படிச் சொல்லுவேன்?"

நான் வாக்குக் கொடுக்கவில்லை. மறுக்கவும் மனம் வரவில்லை. தலையை ஆட்டி வைத்தேன். அது எதில் சேர்த்தி என்று எனக்கே தெரியாது.

பொங்கல் கழிந்து அண்ணாச்சி மறுபடி காட்ட வந்தார். கருப்பசாமிதான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். பரிசோதனை முடிந்ததும் அண்ணாச்சி அவரை வெளியே நிற்கச் சொன்னார்.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லுங்க. அவனுக்கு அந்தக் கண்ணுல எம்புட்டுத் தெரியுது? கேட்டா, எனக்கும் உங்கள மாதிரித்தான் மொதலாளி, கலங்கல்னு சொல்லுதான். சாம்பிள் பாக்கச் சொன்னா வேற ஆளக் கூப்பிடுதான்."

கதவுக்கு வெளியே கருப்பசாமியின் நிழல் தெரிந்தது. நான் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி நடந்தேன். இந்த மனிதரிடம் ஒரு தடவை உண்மையைச் சொல்லித்தான் கருப்பசாமியின் கண்ணுக்கு அந்த ஒரு நாளை வாங்கியிருந்தேன்.

"முழுசாத் தெரியுது அண்ணாச்சி. கடைசி வரிவரைக்கும் வாசிக்காரு."

அவர் உட்கார்ந்திருந்தபடியே கண்களை மூடிக்கொண்டார். கோபமா, அழுகையா என்று எனக்குப் பிடிபடவில்லை. பிறகு கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏலே, உள்ள வாலே."

கருப்பசாமி வந்து நின்றார். என்னை ஒரு பார்வை பார்த்தார். அதை நான் வாங்கிக்கொண்டேன்.

"எனக்கு வரலைன்னு நீயும் தெரியலைன்னு சொல்லுத. அப்ப நான் உனக்கு விட்டுக்குடுத்த அந்த ஒரு நாளு எங்கலே போச்சு? குப்பையில கொட்டுனதுக்கா விட்டுக்குடுத்தேன்?" கையை நீட்டிச் சுவர் இருக்கும் பக்கத்தைக் காட்டினார். "அங்கன எழுத்துப் பலகை தொங்குதாம்ல. இடக்கண்ணப் பொத்திக்கிட்டு வாசி. நான் கேக்கணும்."

கருப்பசாமி என் முகத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். பிறகு ஆரம்பித்தார். பெரிய எழுத்துகளில் குரல் தடுமாறியது. நடு வரிகளில் அழுகை வந்து இரண்டு தடவை நின்றார். அண்ணாச்சி காத்திருந்தார். எறும்பு மாதிரி இருக்கிற கடைசி வரியை ஒவ்வொரு எழுத்தாக, ஒன்றும் விடாமல் வாசித்து முடித்தார்.

"இன்னொரு தடவை" என்றார் அண்ணாச்சி.